நூல் பிடித்த சேஸ்

பழைய ஜீப் ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பார்க்கிறார்கள். டயரை உதைத்துப் பார்க்கிறார்கள். டயரை உதைப்பதால் என்ன தெரியவரும் என்று இதுவரை எவரும் எனக்கு விளக்கியதில்லை. திருமயத்திலிருந்து காரைக்குடி போகும் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் இவற்றில் எதையும் செய்வதில்லை. ஒரு கோணிச்சாக்கை உதறிப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். அங்கிருந்து டங், டங் என்று சத்தம் வரும். திடீரென்று ஓரிடத்தில் சத்தம் மந்தமாகும். "இங்கன தகடு உளுத்துருக்கு தம்பி" என்பார். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவரிடம் என் நண்பர் கொண்டுபோய் நிறுத்திய வண்டி மஹிந்திரா எம்.எம்.540. கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். லாரியில் ஏற்றி வந்து இறக்கியது. கீரமங்கலம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த வண்டி அது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைத் துவைத்துவிட்டுப் போனது. முப்பது நாற்பது வருஷத் தென்னைகளும் பலாக்களும் ஒரே இரவில் படுத்த கதையை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் சாவுச் செய்தி சொல்வதுபோலத்தான் சொல்கிறார்கள். அப்படிப் படுத்த தென்னை ஒன்று இந்த ஜீப்பின் மேல் விழுந்தது. கண்ணாடிச் சட்டம் நொறுங்கி, பானெட் மடங்கி, டிரைவர் பக்கத்துப் பாடி உள்வாங்கிவிட்டது. வயதான வண்டி என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் இருந்தது. பைசா வரவில்லை. மரங்களே போன பிறகு ஜீப்பை யார் பார்ப்பது? தோப்புக்காரர் அதைக் கீற்றுக்கொட்டகையில் தள்ளிவிட்டார். சில வருஷம் கழித்து நண்பர் வாங்கினார். லடாக் போக வேண்டுமென்பது அவர் ஆசை.

மரம் செய்த சேதம் பெரிதில்லை என்று பாய் அன்றே சொல்லிவிட்டார். நிறுத்திவைத்ததுதான் வண்டியைத் தின்றிருந்தது. தரைத் தகட்டில் காய்ந்த ஓலையும் மண்ணும் சேர்ந்து ஈரம் பிடித்து, கால் வைக்கும் இடம் அப்பளமாகிவிட்டது. எலி வயரிங்கைக் கடித்துத் துப்பியிருந்தது. டீசல் டேங்கில் பிசின். பிரேக்கின் வீல் சிலிண்டர்கள் நான்கும் இறுகிப் போயிருந்தன. எஞ்சினில் தண்ணீர் இறங்கிப் பிஸ்டன்கள் சிலிண்டர் போருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுத்தியலால் அடித்து இறக்குகிற அவசரக்காரர்கள் உண்டு. பாய் ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு போரிலும் டீசலை ஊற்றிவிட்டு, "கிடக்கட்டும், அதுவா வரும்" என்று மூடிவைத்துவிட்டார். நண்பர் தினமும் போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்தவர்கள்கூட அத்தனை முறை விசாரிப்பதில்லை.

நான் கண்டு வியந்தது இதற்குப் பிறகு நடந்ததை. பாடியையும் எஞ்சினையும் தூக்கிவிட்டால் ஜீப்பில் மிஞ்சுவது சேஸ். இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். ஏணியைப் படுக்கப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இந்த ஏணி நேராக இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். மரம் விழுந்த வேகத்தில் அது கோணிக்கொண்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பெரிய ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கு லேசர் கருவி இருக்கிறது. பாயிடம் இருந்தது தூக்குக்குண்டு, சுண்ணாம்புக் கட்டி, நூல். சேஸை நான்கு கட்டைகளின் மேல் மட்டம் பார்த்து ஏற்றினார். ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, தரையில் அது தொடும் இடங்களில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். பிறகு சேஸை அப்பால் நகர்த்திவிட்டு, தரையில் மிஞ்சிய புள்ளிகளுக்குக் குறுக்கும் மறுக்குமாக நூல் பிடித்தார். இடது முன்னிலிருந்து வலது பின்னுக்கு ஒரு நூல், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு ஒரு நூல். இரண்டும் ஒரே நீளமென்றால் சேஸ் சதுரம். ஒன்று கூடினால் கோணல். அரை விரல் அளவு கூடியிருந்தது. அந்த அரை விரலை எடுக்க அவருக்கு ஜாக்கி, சங்கிலி, இரண்டு பையன்கள், ஒரு முழுப் பகல் தேவைப்பட்டன.

வயலை அளக்கவும் கோயிலுக்குக் கால்கோள் இடவும் இந்த நாட்டில் நூலும் தூக்குக்குண்டும்தான் போதுமானவையாக இருந்திருக்கின்றன. ஜீப்புக்கும் போதும் என்பதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது போதாது, அவற்றுக்குத் தனிச் சேஸே கிடையாது. பாடியே எலும்பும் தோலுமாக ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டது. ஒரு மூலையில் நசுங்கினால் இன்னொரு மூலை வரை விசை ஓடியிருக்கும். காற்றுப்பை, சென்சார், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். ஜீப்பைச் சிற்றூர்ப் பட்டறையில் உயிர்ப்பிக்க முடிவதற்குக் காரணம் பட்டறையின் சாமர்த்தியம் பாதி, வண்டியின் எளிமை பாதி. 1941இலிருந்து போர் முடிவதற்குள் அமெரிக்காவில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி இது. அவசரத்தில் செய்யவும், குண்டு விழுந்த இடத்தில் கையில் கிடைத்ததை வைத்துப் பழுதுபார்க்கவும் ஏற்றபடி வடிவமைக்கப்பட்டது. தட்டையான தகடு, நேர் மடிப்பு. மடிக்கத் தெரிந்த எந்த டிங்கரும் அதைச் செய்துவிடலாம்.

இந்தியாவுக்கு அது வந்த வழியும் சுவாரசியமானது. 1945இல் லூதியானாவில் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. மஹிந்திரா சகோதரர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்த மாலிக் குலாம் முகமது, தேசப் பிரிவினையோடு பாகிஸ்தான் போய் அதன் முதல் நிதியமைச்சரானார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. அந்த வருஷங்களில்தான் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கினார்கள். எண்பதுகளில் வந்த எம்.எம்.540 அந்த வம்சத்தின் பேரன் மாதிரி. பிரெஞ்சுப் பெஜோவின் 2.1 லிட்டர் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரங்களுக்கும் விசை. போலீஸ், பஞ்சாயத்து யூனியன், எஸ்டேட், மில் என்று அது போகாத இடமில்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு அரசாங்கம் என்பதே கிராமத்துப் புழுதியில் வந்து நிற்கும் ஜீப்பாகத்தான் அறிமுகமாயிற்று.

பழைய ஜீப்பைச் சீர்செய்து விற்பதைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பழைய கணக்கையும் பேசாமல் இருக்க முடியாது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரே இதைப் பற்றியதுதான். 1948இல் காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ராணுவத்துக்கு ஜீப் அவசரமாகத் தேவைப்பட்டது. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வாங்க முடிவானவை சீர்செய்யப்பட்ட பழைய ஜீப்புகள், 2,000. பணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. வந்து இறங்கியவை 155. அவையும் ஓட்டத் தகுதியில்லாதவை என்று ராணுவம் ஏற்க மறுத்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் அமைந்த குழு மேல் விசாரணை வேண்டுமென்று சொன்னது. 1955 செப்டம்பர் 30இல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், அரசைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது என்று அறிவித்தார். அடுத்த பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சராகவே ஆகிவிட்டார்.

அரசியல் வரலாற்றில் இதை ஊழலின் தொடக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. காகிதத்தில் 'சீர்செய்யப்பட்டது' என்று எழுதியிருந்ததை லண்டனில் இருந்தவர்கள் நம்பினார்கள். வண்டிக்கு அடியில் யாரும் படுத்துப் பார்க்கவில்லை. அந்த வியாபாரம் இன்றும் அப்படியேதான் நடக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், காப்பீட்டுக் கம்பெனி அதை 'டோட்டல் லாஸ்' என்று முடிவுகட்டி, உடைமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியை ஏலத்தில் விடும். ஏலம் எடுத்தவர் எல்லோரும் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிடுவதில்லை. காயவைத்து, கழுவி, சென்ட் அடித்து, வேறு ஊரில் கொண்டுபோய் 'சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி' என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த டாக்டர்கள் எத்தனை கார்தான் வைத்திருந்தார்களோ தெரியவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழியைப் பாய் சொல்லிக் கொடுத்தார். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுக்க வேண்டும். கடைசி ஒரு முழத்தில் வண்டல் படிந்த கோடு இருக்கும். எல்லாவற்றையும் கழுவுகிறவன் அதைக் கழுவ மறந்துவிடுவான். அடிபட்ட வண்டிக்குக் காந்தத் துண்டு போதும். பட்டி பூசி மூடிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

நண்பருக்கும் பாய்க்கும் முதல் சண்டை இந்தப் பட்டியில்தான் வந்தது. மடங்கிய பானெட்டை அடித்து நிமிர்த்திய பிறகும் ஒரு பள்ளம் மிச்சமிருந்தது. பட்டி பூசித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பாய் மறுத்துவிட்டார். "ரோட்டுல ஓடுற காருன்னா பூசலாம். கல்லுலயும் மேட்டுலயும் குதிக்கிற வண்டிக்குப் பட்டி நிக்காது தம்பி. விண்டு வந்துரும். உள்ள தண்ணி எறங்கி, நமக்குத் தெரியாமலே உளுத்துரும்." பள்ளம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறது. தெரிந்து இருக்கும் பள்ளம் ஆபத்தில்லாதது.

திருமயத்தில் இருந்துகொண்டு பழையதைப் புதுப்பிப்பது பற்றி யோசித்தால் கால் தானாகக் குன்றின் தெற்குப் பக்கம் போய் நிற்கும். ஒரே பாறையில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைகள், சத்தியகிரீசுவரர் ஒருபுறம், சத்தியமூர்த்திப் பெருமாள் மறுபுறம். சிவன் கோயில் பாறையில் ஒரு காலத்தில் இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. குடுமியான்மலையில் இருக்கும் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டுக்கு உறவுடையது. இன்று அதில் எஞ்சியிருப்பது சில துணுக்குகள். 13ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயில்களுக்கும் இடையே நிலமும் வருமானமும் பற்றி எழுந்த வழக்கு ஒன்று தீர்க்கப்பட்டபோது, அந்தத் தீர்ப்பைப் பொறிக்க இடம் தேடி, இசையைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அது நியாயமான வேலையாகத்தான் தெரிந்திருக்கும். பாறை இருக்கிறது, பாட்டு யாருக்கு வேண்டும், வழக்குத்தான் முக்கியம். மேலே உள்ள கோட்டை, 1687இல் சேதுபதி கட்டியது என்று சொல்லப்படுவது, ஏழு சுற்று மதில்களோடு இருந்ததாம். இப்போது இருப்பதைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. மதில் சரிந்தால் மறுபடி எடுக்கலாம், எழுத்துப் போனால் போனதுதான்.

வண்டிக்கும் அப்படி ஓர் எழுத்து உண்டு. சேஸில் அடித்திருக்கும் எண். பெரிய விஷயமாகத் தெரியாது. துருவுக்கும் கிரீஸுக்கும் அடியில் விரல்நீளத்துக்குக் கிடக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது அந்த எண்தான். எஞ்சினை மாற்றலாம், அனுமதி வாங்கிக்கொண்டு. பாடியைப் புதிதாகத் தட்டலாம், பதிவில் உள்ள வடிவம் மாறாமல். எண் தேய்ந்தால் வண்டி இரும்பு. மணல் வீச்சில் துருவை எடுப்பதற்கு முன் பாய் அந்த இடத்தில் துணியைச் சுற்றி டேப் ஒட்டினார். பையன்களில் ஒருவன் கிரைண்டரோடு அந்தப் பக்கம் வந்தபோது அவர் போட்ட சத்தம் சாலை வரை கேட்டது.

ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்றோர் ஊர். நாட்டின் பல மூலைகளுக்கும் அங்கிருந்து ஜீப் போகிறது. பழைய மஹிந்திரா சேஸ், அதன்மேல் புதுத் தகட்டில் பாடி, பட்டையான டயர், பளபளக்கும் பெயின்ட். விலையும் மயக்கும். அப்படி வந்த சில வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். போட்டோவுக்கு நன்றாக நிற்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிச் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பரையும் மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாதென்று அறிவித்தாயிற்று. இதைச் சொன்னால் ஜீப்காரர்களுக்குக் கோபம் வரும். சட்டம் கொஞ்சம் குருட்டுத்தனமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆபத்தான வேலைக்கும் உயிர்காக்கும் மாற்றத்துக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. 2021இல் வந்த விதிகள் 50 வயது தாண்டிய வண்டியைப் பாரம்பரிய வண்டி என்று தனிப் பதிவெண் கொடுத்துக் கௌரவிக்கின்றன. அதற்கும் இளைய வண்டி வெறும் கிழடு. 15 வருஷம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அதன் கட்டணம் 600இலிருந்து 5,000 ஆயிற்று. ஒரு வண்டி மதிப்புக்குரியதாக ஆகும் முன் இத்தனை வருஷம் அவமானப்பட வேண்டியிருக்கிறது.

சேஸில் ஒரு விரிசலும் இருந்தது, பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில். இதைக் குறித்துக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஜீப்புகள் சாகும் இடம் அதுதான். விரிசலின் மேல் அப்படியே வெல்டிங் போடுவது எளிது. பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் வெல்டிங்கின் சூடு பக்கத்து இரும்பை விறைக்கச் செய்துவிடும். ஓடும்போது சேஸ் கொஞ்சம் வளைந்து நெளிந்து கொடுக்க வேண்டியது. விறைத்த இடம் கொடுக்காது. அதன் ஓரத்திலேயே புது விரிசல் விடும். பாய் முதலில் விரிசலின் முனையைக் கண்டுபிடித்து அங்கே ஒரு சிறு துளை போட்டார், அதற்கு மேல் அது ஓடாமல் இருக்க. பிறகு வெல்டிங். அதன்மேல் சாய்சதுரமாக வெட்டிய தகடு ஒன்றை வைத்து, சாய்வான பக்கங்களில் மட்டும் பற்றவைத்தார். சேஸுக்குக் குறுக்காகச் செங்குத்தாக ஒரு கோடுகூட இழுக்கவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். இளமையில் திருச்சிப் பக்கம் ஒரு காண்டிராக்டரிடம் வெல்டராக இருந்தாராம், பாரத மிகுமின் நிறுவனமான பெல்லுக்கு வேலை எடுத்துச் செய்த காண்டிராக்டர்.

அந்தப் பதிலில் இந்த வட்டாரத்தின் அரை நூற்றாண்டு இருக்கிறது. திருச்சியில் பெல் ஆலை அறுபதுகளில் வந்தது. 1975இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் வந்தது. திருமயத்திலேயே இப்போது பெல்லின் பிரிவு ஒன்று இருக்கிறது, அனல்மின் நிலையங்களுக்குக் குழாய் அமைப்புகள் செய்வது. அத்தகைய குழாயில் ஓடும் நீராவியின் அழுத்தத்துக்கு ஒரு கெட்ட வெல்டிங் போதும் ஆளைக் கொல்ல. அதனால் வெல்டிங்குகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஒழுக்கத்தில் பழகிய கைகள் வேலை முடிந்தோ, வேலை போயோ, சாலையோரப் பட்டறைகளில் வந்து உட்கார்ந்தன. எக்ஸ்ரே போய்ச் சுத்தியல் வந்தது. உள்ளே காற்றுக்குமிழி இருக்கக் கூடாது என்கிற பயம் மட்டும் கையோடு வந்துவிட்டது. இந்த மாதிரி ஆட்களின் பெயரை எந்தத் தொழில் வரலாறும் எழுதப்போவதில்லை.

நண்பரின் பட்டியலில் இருந்தவை வேறு. வின்ச் வேண்டும், கூரையில் விளக்கு வரிசை வேண்டும், ஆற்றில் இறங்கினால் மூச்சுவிட ஸ்நார்க்கெல் வேண்டும். திருமயம் வட்டாரத்தில் ஸ்நார்க்கெல் தேவைப்படுகிற அளவு தண்ணீர் ஓடி எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டேன், பதில் வரவில்லை. பணம் ஓரளவுக்குத்தான் இருந்தது. பாய் ஒரு காகிதத்தில் தன் பட்டியலை எழுதினார். பிரேக் லைனர், வீல் சிலிண்டர், பிரேக் குழாய்கள் முழுவதும், கிங்பின், ஸ்டியரிங் பாக்ஸ், ஸ்பிரிங் புஷ்கள், யு-ஜாயின்ட்கள். அதில் எதுவும் போட்டோவில் தெரியாது. "நிக்கத் தெரியாத வண்டிக்கு ஏறத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?" என்றார். காசு அங்கேயே தீர்ந்துவிட்டது. பூசாமல் விட்ட பள்ளம், காட்டாமல் போட்ட புஷ் ஆகிய இரண்டும் சேர்ந்துதான் சீர்செய்தல் என்பது. மற்றதெல்லாம் அலங்காரம்.

நான்கு சக்கர விசையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. லீவரைப் போட்டுவிட்டால் வண்டிக்குப் பலம் கூடிவிடும் என்று நினைத்துத் தார்ச்சாலையிலும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். வளைவில் முன் சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது, பின் சக்கரங்களின் வட்டம் சிறிது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல முடியாது. எம்.எம்.540 போன்ற பழைய ஜீப்பில் அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் சறுக்க முடியாமல், விசை ஷாஃப்ட்டுகளை முறுக்கும். முறுக்கிக்கொண்டே போனால் எங்காவது ஒடியும். பெரும்பாலும் யு-ஜாயின்ட்.

இதே ஜீப்பைப் பிழைப்புக்கு ஓட்டுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டி போகும் வழியோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் சூரியோதயம் பார்க்கப் போகும் பயணிகளை உள்ளூர் ஜீப்புகள்தாம் ஏற்றிச் செல்கின்றன. பயணிகளுக்கு அது வாழ்நாள் சாகசம். டிரைவருக்குக் காலை டிரிப், இறங்கி வந்து அடுத்த டிரிப். இன்னும் கீழே, போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறுகின்றன, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப்பெண்களை ஏற்றிக்கொண்டு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய அந்த வண்டிகள் மேட்டுச்சாலையில் கவிழ்ந்த செய்தியை நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வருஷந்தோறும் படிக்கிறோம். அங்கேயும் உடைந்த ஜீப்பைச் சீர்செய்கிறார்கள், லடாக்குக்காக இல்லை, நாளைக் காலைக்காக. சாகசப் பிரியர்கள் தங்கள் வண்டியின் விளக்கு வரிசைக்குக் கொடுக்கும் பணத்தில் அந்த வண்டிகளில் ஒன்றுக்கு முழுப் பிரேக்கையும் மாற்றலாம் என்பதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொல்கிறேன்.

சேதமான வண்டி தூரம் போகாது என்று சொல்ல வரவில்லை. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, இந்தியா, பர்மா வழியாக மறு வருஷம் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அவற்றில் 'ஆக்ஸ்ஃபோர்டு' என்று பெயர் வைத்த வண்டி பின்னால் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவில் பாழடைந்து கிடந்தது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் அதைத் தேடி எடுத்துச் சீர்செய்தார். 2019இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓடியது. முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெஸ்ஸரும் வருவதாக இருந்தார். உடல்நிலை இடம் கொடுக்காமல் பேரன் போனார். வண்டி தாத்தாவைவிடத் திடமாக இருந்திருக்கிறது.

நண்பர் இன்னும் லடாக் போகவில்லை. திருமயத்திலிருந்து லே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மணிக்கு எழுபதைத் தாண்டினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய வண்டியில், ஹைதராபாத் போவதற்குள் இடுப்பு கேள்வி கேட்கும். அவர் இப்போது நார்த்தாமலை, மலையடிப்பட்டி, குன்னாண்டார்கோயில் என்று சுற்றுகிறார். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. இந்த மாவட்டத்தில் சாலையை விட்டு இறங்கினால் அந்த நிலம் சும்மா கிடப்பதில்லை. யாருடைய புஞ்சையாகவோ, ஒரு கண்மாயின் வரத்துக்காலாகவோ, மூவாயிரம் வருஷத்துக்கு நெருங்கிய ஈமக்காடாகவோ இருக்கும். சித்தன்னவாசலைச் சுற்றிக் கல்வட்டங்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. பட்டையான டயருக்கு அவையும் கல்தான். ஈரத்தில் கண்மாய்க் கரைமேல் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், அடுத்த மழையில் கரை அங்கேதான் உடையும். காட்டுக்குள் போவது இன்னும் மோசம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகளே வந்தன. வண்டிக்காரர்களுக்கு அப்படி ஒரு பாடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் வண்டியை இறக்குவது குற்றம். வீடியோ எடுத்துப் போட்டால் அதுவே சாட்சி.

வாங்கியே தீருவது என்று இருப்பவர்களுக்கு ஒன்று. காந்தத் துண்டு ஒன்றும் சாக்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், தெரிந்த மெக்கானிக்கோடு போங்கள். சாக்கை விரித்து நீங்களும் அடியில் படுங்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு, சேஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தாலோ, ஓர் எண் மாறியிருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.